குண்டூசி குத்தின ஓட்டு

கையைக் கொஞ்சம் விரிங்க சார். அம்புட்டு வேண்டாம், ரெண்டு பக்கமும் பை தூக்கிட்டு நிக்கிற மாதிரி நின்னா போதும். மூச்சை இழுக்காதீங்க. அளவெடுக்கிறப்ப எல்லாரும் வயித்தை உள்ள இழுத்துக்கிறாங்க, அப்புறம் சட்டையைப் போட்டதும் பட்டன் நிக்கலைன்னு என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க. வயிறு இருக்கிற இடத்துல இருக்கட்டும், நான் ஒண்ணும் தப்பா நினைக்கல. மார்பு நாப்பது.

எந்த ஆபீஸ்னு சொன்னீங்க? தாலுகா ஆபீஸா. போன வாரம்தான் மாத்தலாகி வந்தீங்களா. என்ன பிரிவு? தேர்தல் பிரிவா.

அடடே. சரியான ஆள் மேலதான் டேப்பைப் போட்டிருக்கேன். உக்காராதீங்க சார், இன்னும் தோள் எடுக்கலை. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இந்த ஊர்ல இதைக் காது குடுத்துக் கேக்க ஆளே இல்லை. எல்லாருக்கும் தெரிஞ்ச கதைங்கிறாங்க. தெரிஞ்சா என்ன, என் வாயால கேட்டிருக்காங்களா?

என் பேரு தங்கமாயன். போடி தையல் கலைஞர் சங்கத்துக்கு ஒன்பது வருஷம் தலைவர். வருஷா வருஷம் தேர்தல், வருஷா வருஷம் நான்தான். ஓட்டை எங்க எண்ணுவோம்? சங்கத்துக்குப் பின்னால ஒரு ரூம்பு இருக்கு, அங்க வச்சு எண்ணுவோம். நானும் செக்ரட்டரி லோகநாதனும் உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவோம், எண்ணிட்டு வந்து சொல்லுவோம். ஒன்பது வருஷத்துல ஒருத்தன் ஒரு குறை சொன்னதில்லை. அவ்வளவு சுத்தமா நடந்துச்சு.

பத்தாவது வருஷம் ஞானதுரைன்னு ஒரு ஆள் எதிர்த்து நின்னான். மார்க்கெட் ரோட்டுல ஏசி போட்டு லேடீஸ் டெய்லர் கடை வச்சிருக்கான். ஜாக்கெட்டுக்கு முதுகுல கயிறு கட்டித் தொங்கவிடுற ஆளு. மொத்தம் நாப்பத்தோரு ஓட்டு. லோகநாதன் ரூம்புக்குள்ள போனான், இந்தத் தடவை போட்டி இருக்கு, நீங்க வேட்பாளர், வெளிய இருங்கன்னுட்டான், வந்து சொல்றான், ஞானதுரைக்கு இருபத்தொண்ணு, எனக்கு இருபது.

ஒரு ஓட்டு சார். நீங்களே சொல்லுங்க, கதவைச் சாத்திக்கிட்டு எண்ணினா யார் நம்புவா? அன்னைக்குத்தான் எனக்கு ஜனநாயகம்னா என்னன்னு புரிஞ்சுச்சு.

இந்தப் பக்கம் திரும்புங்க. தோள் பதினெட்டேகால். உங்களுக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம். பயப்படாதீங்க, பை மாட்டுற தோளு, பாதி ஊருக்கு அப்படித்தான்.

மறுநாளே என் தையல் மெஷினைத் தூக்கிட்டுப் போய் சங்கத்து வாசல்ல போட்டேன். பட்டினி கிடக்கிறது, தரையில படுக்கிறது எல்லாம் எனக்கு ஒத்துவராது. பெடலை மிதிச்சுத் தைச்சுக்கிட்டே போராட்டம். பின்னால ஒரு அட்டை தொங்கவிட்டேன். 'எண்ணுறதைக் கண்ணுல காட்டு.' நானே எழுதினது. நாலு நாள் உக்காந்தேன். போற வர்றவனெல்லாம் நின்னு கேட்டான். கேட்டவன்ல பதினோரு பேர் பேண்ட்டுக்கு அளவும் குடுத்துட்டுப் போனான். அதைச் சிலபேர் குறை சொன்னாங்க. போராடுறவன் சாப்பிட வேண்டாமா?

அபுதாகிர்தான் தினம் டீ அனுப்பினான். ஸ்டார் டெய்லர்ஸ் அபுதாகிர், பழைய கூட்டாளி, ஒரே மாஸ்டர்கிட்ட தொழில் கத்துக்கிட்டவங்க நாங்க. எல்லார் முன்னாலயும் எண்ணணும்னு ஒரு மனு எழுதினேன், அவனும் கையெழுத்துப் போட்டான். நாப்பத்தோரு பேர்ல இருபத்தாறு பேர்கிட்ட கையெழுத்து வாங்கினேன். நாலாம் நாள் லோகநாதன் வெளிய வந்து, அண்ணே எந்திரிங்க, அடுத்த வருஷம் நடுக்கூடத்துல வச்சு எண்ணுவோம்னான்.

எந்திரிச்சேன். அதோட விட்டாங்களா? அடுத்த தேர்தல் வந்தப்ப அபுதாகிரும் நிக்கிறேன்னான். என்னடா கூட்டாளி நீயுமான்னா, நீங்க ரெண்டு பேரும் போடுற சண்டையில சங்கம் நாறுது மாயா, அதான்னான். மூணு பேர் நிக்கவும் லோகநாதனுக்கு ஒரு யோசனை. அவன் மச்சான் ஆஸ்திரேலியாவுல இருக்கான். அங்கெல்லாம் ஒரு ஆளுக்கு முத்திரை குத்துறதில்லையாம். நிக்கிற எல்லார் பேருக்கும் நேரா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போடணுமாம். யார் ரொம்பப் பிடிக்குமோ அவருக்கு ஒண்ணு. முதல்ல ஒண்ணை மட்டும் எண்ணுவாங்க. யாருக்கும் பாதிக்கு மேல வரலைன்னா கடைசியில இருக்கிறவரைக் கழிச்சுட்டு, அவருக்கு ஒண்ணு போட்டவங்க யாருக்கு ரெண்டு போட்டாங்களோ அவங்களுக்கு அந்த ஓட்டு போயிரும்.

இதென்ன கூத்துன்னு கேட்டேன் சார். நான் தேனி பஸ்ல ஏறி உக்காந்தா, பாதி வழியில கண்டக்டர் என்னைத் தூக்கி வேற பஸ்ல உக்கார வைப்பானான்னு கேட்டேன். கூட்டம் கை தட்டுச்சு. லோகநாதன் நிதானமாச் சொன்னான்: "அண்ணே, உங்க பஸ்ஸு ரிப்பேராயிருச்சுன்னா அடுத்த பஸ்ல ஏறத்தானே செய்வீங்க. எதுல ஏறணும்னு நீங்களே முன்கூட்டி எழுதிக் குடுக்கிறீங்க, அவ்வளவுதான்." அவன் சொன்னது எனக்குப் புரிஞ்சுருச்சு. அதுலதான் கோவம் ஜாஸ்தி.

மூணு நோட்டீஸ் அடிச்சேன். ஒண்ணுன்னா இது, ரெண்டுன்னா இது, மூணுன்னா இது, பாருங்க எப்படி ஓட்டு கை மாறுதுன்னு படம் போட்டு விளக்கினேன். ஒரு ஆளு கையில ஒரு ஓட்டு, ஒரே முத்திரை, எவனும் எண்ணிப் பாக்கலாம். இதுல கூட்டிக் கழிச்சு, தள்ளி, சேர்த்து, யார் சரிபார்க்கிறது? சத்தியமா இது நியாயமான கேள்வி. நீங்க தேர்தல் பிரிவு, உங்களுக்கே தெரியும். ஆனா கேட்டவன் யாரு? புதுசா இருக்கேன்னு எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ஞ்சுட்டான்.

சரி, நம்பர்தான் போடுவீங்கன்னா ஒவ்வொரு சீட்டையும் நாப்பத்தோரு பேர் கண்ணுக்கும் காட்டணும்னேன். எப்படிண்ணே காட்டுறதுன்னு லோகநாதன் கேட்டான். நான் வழி சொன்னேன். பத்து மீட்டர் லைனிங் துணி, வெள்ளை, கூடத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கட்டணும். மூணு பத்தி, ஒவ்வொண்ணுக்கும் மேல ஒருத்தர் பேரு. ஒவ்வொரு சீட்டையும் பிரிச்சு, வாசிச்சு, அந்தந்தப் பத்தியில குண்டூசியால குத்தணும். ஓட்டு மாறணும்னா ஊசியைப் பிடுங்கி, எல்லார் முன்னாலயும் தூக்கிட்டுப் போய் அடுத்த பத்தியில குத்தணும். துணி என் துணி, குண்டூசியும் என்னுது. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னு சொல்லுவாங்கள்ல, நான் லைனிங் துணியில வச்சுக்கிட்டேன்.

கழுத்து. எச்சில் முழுங்கிக்கங்க. பதினஞ்சரை.

ஓட்டுக் கேக்கப் போனா அந்த வருஷம் ஒரு அதிசயம். போன கடையில எல்லாம், உங்களுக்குப் போடாம யாருக்குண்ணே போடப் போறேன்னான். முப்பத்திரண்டு பேர் சொன்னான் சார், கணக்கு வச்சிருந்தேன். பின்னாலதான் தெரிஞ்சுச்சு, ஒருத்தனும் பொய் சொல்லலை. எல்லாரும் எனக்குப் போட்டிருந்தான். என்ன நம்பர்னு நான் கேக்கலை.

தேர்தலன்னைக்குக் காலையில பத்து மணிக்கெல்லாம் ஓட்டு முடிஞ்சு போச்சு. என் வீட்டம்மா பவுன்தாயும் சங்கத்துல உறுப்பினர், கடை வேலை பூராவும் அவதான். வந்தா, பெட்டியில சீட்டைப் போட்டா, ரெண்டு சட்டை காலர் வைக்காம கிடக்குன்னு கடைக்குப் போயிட்டா. நான் அவளை ஒரு வார்த்தை கேக்கலை. கட்டின பொண்டாட்டிகிட்ட எவனாவது ஓட்டுக் கேப்பானா?

எண்ண ஆரம்பிச்சாங்க. முதல் சீட்டை லோகநாதன் தூக்கிக் காட்டினான். ஞானதுரை ஒண்ணு, அபுதாகிர் ரெண்டு, தங்கமாயன் மூணு. குத்தியாச்சு. ரெண்டாவது சீட்டு. மூணாவது சீட்டைத் தூக்குறப்ப என் பக்கத்துல இருந்த சோலைராசு, "இது நம்ம பஸ் ஸ்டாண்டு முருகேசன் போட்ட ரெண்டுல்ல, வாலு தரையில இழுபடுது பாரு"ன்னான்.

சோலைராசு யாருன்னா, காஜா போடுறவன். ஊர்ல இருக்கிற அத்தனை கடைச் சட்டையும் பட்டன் ஓட்டைக்கு அவன்கிட்டதான் போகும். ஒவ்வொரு சட்டையிலயும் ஒரு துண்டுச் சீட்டுக் குத்தி, எத்தனை காஜா, எத்தனை இஞ்சு இடைவெளின்னு நம்பர் எழுதி அனுப்புவோம். இருவத்திரண்டு வருஷமா எங்க எல்லார் நம்பரையும் வாசிச்சுக்கிட்டு இருக்கிறவன். அவன் மட்டுமா? எங்க தொழிலே அதுதானே சார். ஒருத்தன் வெட்டுவான், ஒருத்தன் தைப்பான், துணி மேல சாக்குக்கட்டியில எழுதின நம்பர்தான் எங்களுக்குள்ள பேச்சு. முத்திரை குத்துனா எவன் குத்தினான்னு தெய்வத்துக்குத்தான் தெரியும். நம்பர் எழுதினா, அது எங்க ஊர்ல கையெழுத்துப் போட்ட மாதிரி.

ஆஸ்திரேலியாவுல டெய்லருங்க இல்லையோ என்னவோ, லோகநாதன் மச்சானுக்கு இது தோணலை. எனக்கும் தோணலை.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் சீட்டை எவன் பாத்தான், எழுத்தைத்தான் பாத்தாங்க. "ஏய், இது உன் மூணுதானே, எனக்குத்தான் ஒண்ணுன்னு உன் பிள்ளை மேல சத்தியம் பண்ணினியேடா"ன்னு அபுதாகிர் ஒருத்தன் சட்டையைப் பிடிச்சான். அந்தச் சட்டையும் அவன் தைச்சுக் குடுத்தது. ஞானதுரையோட சொந்தச் சித்தப்பா மகன் எனக்கு ஒண்ணு போட்டிருந்தான், அவனைத் தேடினா ஆளைக் காணோம், செருப்பு மட்டும் வாசல்ல கிடக்கு. லோகநாதன் வேர்த்துப் போய், "அண்ணே, இதை நிப்பாட்டிட்டு ரூம்புக்குள்ள வச்சு எண்ணிருவோமா"ன்னான். நான் விடுவேனா? வெளிப்படைன்னா வெளிப்படைதான், குத்துடா ஊசியைன்னேன். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிற ஒவ்வொருத்தனையும் பாக்குறதுக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோசம். மறைக்கக்கூடாது பாருங்க.

நாப்பத்தோரு சீட்டும் குத்தி முடிஞ்சுச்சு. ஞானதுரைக்குப் பதினாறு. எனக்குப் பதினாலு. அபுதாகிருக்குப் பதினொண்ணு. இருபத்தொண்ணு வேணும் ஜெயிக்க, யாருக்கும் வரலை. அபுதாகிரைக் கழிச்சாச்சு. அவனோட பதினோரு சீட்டுல எனக்கு ஏழு வந்தா நான் தலைவர். கூட்டாளி ஓட்டு, எங்க போயிரும்? நான் மாலை வாங்க ஆள் அனுப்பிட்டேன்.

ஒவ்வொண்ணாப் பிடுங்கினான். எனக்கு. ஞானதுரைக்கு. எனக்கு. எனக்கு. ஞானதுரைக்கு. இப்படியே பத்து சீட்டு முடிஞ்சப்ப எனக்கு இருபது, ஞானதுரைக்கும் இருபது. அபுதாகிர் பத்தியில ஒரே ஒரு சீட்டு தொங்குது. நான் எந்திரிச்சுக் கிட்டப் போனேன்.

கிட்டப் போனது தப்பு சார். அபுதாகிருக்கு நேரா ஒண்ணு. ஞானதுரைக்கு ரெண்டு. எனக்கு மூணு. அந்த மூணு மேல தட்டையா இருக்கு, ஏழுன்னு ஆரம்பிச்சு மூணுன்னு முடியுது. அந்த மூணை நான் இருபத்தெட்டு வருஷமாப் பாக்குறேன். பால்கார நோட்டுல பாக்குறேன், அளவு நோட்டுல பாக்குறேன், காலண்டர்ல கேஸ் சிலிண்டர் வந்த தேதியைச் சுத்தி எழுதி வைப்பா, அதுல பாக்குறேன். பவுன்தாய் போட்ட மூணு.

சோலைராசு என் தோளுக்குப் பின்னால வந்து எட்டிப் பாக்குறான். அவன் வாய் திறக்குது. கூட்டத்துக்கு வடை வாங்கி வச்சிருந்தாங்க, அதுல ஒண்ணை எடுத்து அவன் வாய்ல வச்சு அமுக்கினேன். முழு வடை. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவனுக்கு. ஆனா நல்லவன், இன்னைக்கு வரைக்கும் மூச்சு விடலை.

இதுல இன்னொண்ணு இருக்கு. அந்தச் சீட்டை மடிச்ச மடிப்பு சரியா அந்த ரெண்டு மேல விழுந்திருந்துச்சு. ரெண்டா, ஏழான்னு ஒரு வாதம் பண்ணலாம். செல்லாதுன்னு ஆயிட்டா இருபதுக்கு இருபது, திருவுளச் சீட்டுப் போட்டு எடுக்கணும், எனக்கும் பாதி வாய்ப்பு. லோகநாதனும் கேட்டான்: "அண்ணே, சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லிருங்க. எழுதினவங்களைக் கூப்பிட்டு, இது என்ன நம்பர்னு எல்லார் முன்னாலயும் கேட்டுருவோம்."

இதுக்குத்தானே சார் நாலு நாள் வாசல்ல கிடந்தேன். சந்தேகம் வந்தா எல்லார் முன்னாலயும் கேக்கணும்னு. என் கொள்கையே அதுதானே. நாப்பது பேர் என்னைப் பாக்குறான். பவுன்தாயைக் கூப்பிட்டு விட்டா, கையில நூலோட வந்து நிப்பா, நம்பரைச் சொல்லுவா. அவ பொய் சொல்லமாட்டா. நாப்பது பேர் முன்னால, என் புருசனுக்கு மூணுதான்னு சொல்லுவா. "தெளிவாத்தான் இருக்கு, ரெண்டுதான்"னேன். ஊசியைப் பிடுங்கி நானே கொண்டுபோய் ஞானதுரை பத்தியில குத்தினேன்.

அன்னைக்கு வந்த மாலையை ஞானதுரைக்கு நானே போட்டேன். பெருந்தன்மைன்னாங்க.

இடுப்பு எடுக்கணும், சட்டையைக் கொஞ்சம் தூக்கிக்கங்க. முப்பத்தாறு. முப்பத்தேழே வச்சுக்குவோம், இந்த ஊர் சாப்பாடு உங்களுக்குச் சேந்துரும்.

வீட்டுக்கு நடந்து வர்றப்ப ஒரு விஷயம் தோணுச்சு. இவளுக்கு முறை புரியலை. டெய்லர் புத்தி. நாப்பத்திரண்டு நாப்பதை விடப் பெரிசுதானே, அப்ப மூணு ஒண்ணை விடப் பெரிசு, பிடிச்ச ஆளுக்குப் பெரிய நம்பராப் போட்டிருக்கா பாவம். மனசு லேசாயிருச்சு. அந்த முறையை இன்னும் நாலு திட்டுத் திட்டினேன். வந்து, சும்மா பேச்சுவாக்குல கேக்குற மாதிரி, ஏன் பவுனு, அந்தச் சீட்டுல ஒண்ணு பெரிசா மூணு பெரிசான்னு கேட்டேன்.

அவ காலர் வச்சுக்கிட்டு இருந்தா. தலையைத் தூக்கலை. "ஒண்ணுதான் முதல். மூணு கடைசி. படம் போட்டு மூணு நோட்டீஸ் அடிச்சீங்களே, அதுல தெளிவா இருந்துச்சு"ன்னா.

அவளே சொன்னா: "அபுதாகிர் அண்ணன் கடையில தைக்க நாலு ஆள் இருக்கு. அவர் சங்கம் சங்கம்னு அலைஞ்சாலும் கடை ஓடும். ஞானதுரை கடையில ரெண்டு ஆள் இருக்கு. உங்க கடையில யார் இருக்கா? நான் ஒருத்திதான். அந்த வரிசையிலதான் போட்டேன். ஒன்பது வருஷம் நீங்க தலைவர், பத்தாவது வருஷம் போராட்டம். பத்து வருஷமா என் கழுத்து வலிக்குது."

இதுல எங்க சார் தப்புக் கண்டுபிடிக்கிறது? நானும் ரெண்டு நாள் தேடினேன். பொய்யா ஒரு சண்டை போடலாம்னு பாத்தேன், அதுக்கும் இடம் இல்லை. கடையில உக்காந்து தைக்க ஆரம்பிச்சேன். வர்ற ஆளெல்லாம், அண்ணே போன தடவை வச்ச அந்தக் காலர் மாதிரியே வரணும்ங்கிறான். எந்தக் காலர்னு எடுத்துப் பாத்தா, அவ வச்ச காலர். பத்து வருஷமா எனக்கு வந்த பேரு பூராவும் அவ கை. இதை நான் வேற யார்கிட்டயும் சொன்னதில்லை. நீங்களும் சொல்லாதீங்க.

நிமிந்து நில்லுங்க, பேண்ட் உயரம் எடுத்துட்டா முடிஞ்சுச்சு. நாப்பதரை.

அதோட போயிருந்தாலும் பரவாயில்லை. இந்த வருஷம் வீட்டுல இருந்து ஜாக்கெட் தைக்கிற பொம்பளைங்க பதினேழு பேரை அவ சங்கத்துல சேர்த்து விட்டிருக்கா. ஞானதுரை மறுபடியும் நிக்கிறான். நானும் நிக்கிறேன், கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல. மூணாவதா யார் மனு குடுத்திருக்கான்னு பாத்தா, பவுன்தாய். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ஏன் சொல்லலைன்னு கேட்டா, நீங்க நிக்கிறப்ப என்னைக் கேட்டீங்களாங்கிறா. இப்பவும் கடையில இல்லை பாருங்க, மீனாட்சிபுரத்துப் பக்கம் ஓட்டுக் கேட்டுப் போயிருக்கா. காலர் நான்தான் வச்சுக்கிட்டு இருக்கேன். கழுத்து வலிக்கத்தான் செய்யுது.

அந்த முறைதான் இந்த வருஷமும். நம்பர், துணி, குண்டூசி. அதுல நிறைய நேரம் யோசிக்கணுமாம், அதனால சீட்டை முன்னாடியே கடை கடையா, வீடு வீடாக் குடுத்துட்டாங்க, ஞாயித்துக்கிழமை கொண்டு போய் பெட்டியில போடணும். நான் எதிர்த்தேன் சார். வீட்டுக்குச் சீட்டுக் குடுத்தா எவனாவது எவனுக்காவது எழுதிக் குடுப்பான், இது என்ன தேர்தல்னு நோட்டீஸ் கூட அடிச்சேன்.

சார், கதவைக் கொஞ்சம் சாத்திக்கங்க. இந்தாங்க பேனா. இதுதான் என் சீட்டு. நீங்க ஊருக்குப் புதுசு, உங்க எழுத்து இங்க யாருக்கும் தெரியாது, சோலைராசுக்கும் தெரியாது. மூணு நம்பர்தான். யோசிக்காதீங்க, நீங்க தேர்தல் பிரிவு, உங்க கையால எழுதினா அதுக்கு ஒரு மரியாதை இருக்கும்.

ஞானதுரைக்கு நேரா மூணு போடுங்க. தங்கமாயனுக்கு ரெண்டு.

ஆமா, ரெண்டுதான். சரியாத்தான் சொல்றேன். அவளுக்கு ஒண்ணு போடுங்க. தெளிவாப் போடுங்க, மடிப்பு மேல விழுந்துறாம. நான் போட்டேன்னு மட்டும் அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அப்புறம் இந்த வீட்டுல நான் வாயைத் திறக்க முடியாது.